ஆறு கொண்டுபோனது யார் கணக்கில்?

கொங்கு நாட்டில் காவிரி வெள்ளம் பெரும்பாலும் மழை இல்லாத நாளில்தான் வரும். வயநாட்டிலும் குடகிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி, அங்கே திறந்துவிட்ட தண்ணீர் ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு இறங்கும். மேட்டூர் 120 அடியைத் தொட்டுவிட்டால், வருகிற தண்ணீரை அப்படியே பதினாறு கண் மதகு வழியாக விட்டே ஆக வேண்டும். பவானியிலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த வெயிலிலேயே ஆறு வீதிக்குள் ஏறும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் இப்படி இறங்கியது. 2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் 1.7 லட்சம் கன அடி. ஆடிப்பெருக்கு அன்றைக்கே கூடுதுறையில் குளிக்கத் தடை போட்ட ஆண்டுகள் உண்டு.

சென்னைக்கோ கடலூருக்கோ வெள்ளம் என்றால் அதற்கு முன்னால் புயல் வரும், புயலுக்கு ஒரு பெயர் இருக்கும், டிவி வண்டிகள் வரும், மத்தியக் குழு வரும். எங்கள் வெள்ளத்துக்குப் பெயர் கிடையாது. தாலுகா ஆபீஸ் ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிப் போவார்கள். ஆற்றோர வீதிக்காரர்கள் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கோ கல்யாண மண்டபத்துக்கோ போவார்கள். ரெண்டு மூன்று நாளில் தண்ணீர் வடிந்துவிடும். வீடு இடிந்தவர்களைப் பற்றியும் தறிக்குழியில் தண்ணீர் புகுந்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் பேச்சு இருக்கும். அது வேண்டும்தான். ஆனால் ஊருக்கே சொந்தமான மோட்டார் ரூம், தரைப்பாலம், படித்துறை, அங்கன்வாடி, மயானத்துக்குப் போகும் தடம் ஆகியவற்றுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆற்றோரத்து ஊர் ஒன்றில், ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங்கும் உண்டு. வெள்ளம் வடிந்த வாரத்தில் ஊராட்சி செயலாளர்களும் ஓவர்சியர்களும் சேத அறிக்கை அடிக்க என் கடைக்குத்தான் வருவார்கள். ஒரு படிவம்: வரிசை எண், ஊராட்சி, சேதமடைந்த சொத்து, அளவு, தற்காலிகச் சீரமைப்புக்கு ஆகும் தொகை, நிரந்தரச் சீரமைப்புக்கு ஆகும் தொகை, போட்டோ. "நாலு மணிக்குள்ள கலெக்டர் ஆபீசுக்கு மெயில் போகோணும் தம்பி, சீக்கிரம் அடிங்க" என்று அவசரப்படுத்துவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களுக்கு அன்று காலையில்தான் படிவமே வந்திருக்கும். சேறு காயாத செருப்போடு நின்றுகொண்டு, ஞாபகத்திலிருந்து நீள அகலம் சொல்வார்கள். ஒரு ஊரின் இழப்பு முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில் எழுதப்படுகிறது. அதில் இல்லாதது பிறகு எந்தக் காகிதத்திலும் ஏறாது.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பேரிடர் நிதியில் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ நேரடியாக எந்தப் பிடிமானமும் இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி நிதி மாநில அளவில் இருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு மத்திய அரசு தருவது, ஒரு பங்கு மாநிலம் போடுவது. ஊராட்சி எழுதுவது ஒன்றியத்துக்குப் போகும், அங்கிருந்து ஆட்சியருக்கு, அங்கிருந்து சென்னையில் வருவாய் நிர்வாக ஆணையருக்கு. மாநில நிதி போதவில்லை, பேரிடர் கடுமையானது என்று அரசு முடிவு செய்தால், டெல்லிக்குக் கோரிக்கை மனு போகும், மத்தியக் குழு வரும், தேசிய நிதியிலிருந்து ஏதாவது கிடைக்கும்.

எவ்வளவு கிடைக்கும்? 2023-24இல் மாநில நிதிக்கு மத்திய அரசின் பங்கு 450 கோடி வீதம் இரண்டு தவணை. தமிழ்நாடு முழுவதற்கும், எல்லா வகைப் பேரிடருக்கும் சேர்த்து. அந்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தென்மாவட்டப் பெருவெள்ளமும் அடுத்தடுத்து வந்தன. மாநில அரசு கேட்டது 37,907 கோடி. 2024 ஏப்ரலில் தேசிய நிதியிலிருந்து விடுவிக்கப்பட்டது சுமார் 276 கோடி. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநில அரசுக்கே இந்த நிலை என்றால், காவிரிக் கரையில் இருக்கும் ஒரு சிற்றூரின் மோட்டார் ரூம் எந்த வரிசையில் நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எதற்கு எவ்வளவு என்ற நெறிமுறையும் இருக்கிறது. 2015இல் மத்திய உள்துறை வெளியிட்டதைப் படித்திருக்கிறேன். 2022இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள், நான் சொல்வது 2015இன் கணக்கு. வெள்ளத்தில் சேதமான கிராமச் சாலைக்குக் கிலோமீட்டருக்கு 60 ஆயிரம் ரூபாய். மாநில நெடுஞ்சாலைக்கும் மாவட்ட முக்கியச் சாலைக்கும் 1 லட்சம். சேதமான குடிநீர்க் கட்டமைப்பு ஒன்றுக்கு அதிகபட்சம் 1.5 லட்சம். சமவெளியில் வேலையை முடிக்க, சாதாரணப் பேரிடர் என்றால் 30 நாள், கடுமையானது என்றால் 45 நாள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு நிபந்தனை: மாநிலம் தன்னுடைய வழக்கமான பராமரிப்பு ஒதுக்கீட்டை முதலில் செலவழிக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 60 ஆயிரத்தில் குழியை மூடலாம், அரித்த ஓரத்துக்குக் கிராவல் அடிக்கலாம். சாலை போட முடியாது. இந்தத் தொகை உடனடி வேலைக்கு மட்டும்தான் என்று நெறிமுறையே சொல்கிறது, சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த உடனடி வேலையே நிரந்தர வேலையாக நின்றுவிடுகிறது. படிவத்தில் 'நிரந்தரச் சீரமைப்பு' என்ற பத்தியில் நான் அடித்துக் கொடுத்த தொகைகள் பல, அடுத்த வெள்ளத்தின்போது அதே பத்தியில் மறுபடியும் வந்திருக்கின்றன.

மோட்டார் ரூமைச் சொன்னேன். அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

ஆற்றோர ஊராட்சிகள் பலவற்றில் குடிநீர் ஆற்றுக்குள் தோண்டிய கிணற்றிலிருந்து வருகிறது. கரையில் ஒரு சின்ன அறை, அதற்குள் மோட்டார், ஸ்டார்ட்டர், பேனல் போர்டு. ஒரு வெள்ளம் வடிந்த மறுநாள் அப்படி ஒரு அறைக்குள் போயிருக்கிறேன். சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குக் கோடு போட்டது மாதிரி சேற்றுத் தடம். டேங்க் ஆபரேட்டர் பேனல் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது. மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற கான்டாக்டர் சுவிட்சுக்குள்ளே மாவு போல நைசான வண்டல், ஒவ்வொரு ஒயர் முனையிலும் அப்பியிருந்தது. அவர் பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். பக்கத்து வீட்டிலிருந்து டேபிள் ஃபேன் வாங்கி வந்து ராத்திரி முழுக்கக் காய வைத்தார். மறுநாள் விடியக்காலையில் மோட்டார் ஓடியது, டேங்க்குக்குத் தண்ணீர் ஏறியது.

அன்றைக்கு மத்தியானம்தான் ஆய்வுக்கு ஆள் வந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற மோட்டாருக்கு என்ன சேதம் எழுதுவது? பட்டியலில் ஏறவில்லை. சில வாரம் கழித்து மோட்டார் காயில் கருகியது. காயில் கட்டிய செலவு, புது ஸ்டார்ட்டர், கேபிள் எல்லாம் ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து, வழக்கமான பராமரிப்பு என்ற கணக்கில் போனது. அந்த ஆபரேட்டரிடம் அப்புறம் பேசினேன். "முன்னாடியே போட்டோ எடுத்து வெச்சிருந்தா ஆகியிருக்குமுங்கண்ணா?" என்றேன். "ஏனப்பா, தண்ணி உட்டாத்தான ஊரு பொழைக்கும்? பொம்பளைங்க கொடத்த வெச்சுட்டு நிக்கறப்ப நான் போட்டோப் புடிச்சுட்டு நிக்க முடியுமா?" என்றார். அவர் சொன்னது நியாயம். சீக்கிரம் சரிசெய்த ஊருக்குத்தான் இழப்பீடு இல்லாமல் போகிறது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. நல்ல வேலைக்காரர் இருக்கும் ஊர் அதற்காக நஷ்டப்படக் கூடாது.

இதில் அமெரிக்க நடைமுறை ஒன்றைப் படித்தபோது கொஞ்சம் ஏக்கமாகவே இருந்தது. அங்கே 1988இன் ஸ்டாஃபோர்ட் சட்டப்படி குடியரசுத் தலைவர் பெரும் பேரிடர் என்று அறிவித்தால், ஃபீமா என்ற கூட்டாட்சி அமைப்பு 'பொது உதவி' என்று ஒரு திட்டத்தைத் திறக்கிறது. கவுன்டி, நகரம், சிற்றூர் எல்லாம் அவரவர் பெயரிலேயே 30 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். பணம் மாநிலத்தின் வழியாகத்தான் வரும், ஆனால் விண்ணப்பதாரர் ஊர்தான். வேலைகளை ஏ முதல் ஜி வரை ஏழு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: குப்பை கூளம் அகற்றுவது, அவசரப் பாதுகாப்பு, சாலையும் பாலமும், நீர்க் கட்டமைப்பு, பொதுக் கட்டடமும் கருவியும், குடிநீர் மின்சாரம் போன்ற சேவைகள், பூங்காவும் மற்றவையும். தகுதியுள்ள செலவில் குறைந்தது 75 சதவீதம் கூட்டாட்சி அரசு தருகிறது. முக்கியமானது, அவசரத்துக்கு ஊரே முந்திக்கொண்டு செய்த வேலைக்கும் பில்லும் போட்டோவும் ஆட்களின் வேலைநேரக் கணக்கும் இருந்தால் பணம் திரும்ப வரும். அங்கேயும் தாமதம் உண்டு, இழுபறி உண்டு, ஆண்டுக் கணக்கில் காத்திருந்த ஊர்கள் உண்டு. ஆனாலும் எங்கள் டேங்க் ஆபரேட்டரின் அந்த ராத்திரி வேலை அங்கே ஒரு கணக்கில் ஏறியிருக்கும்.

நம் ஊரில் அந்த முறை இல்லை. இருக்கிற முறைக்குள் என்ன செய்யலாம் என்பதுதான் என் கவலை. அதற்கு முன்னால் இன்னொரு இழப்பைச் சொல்ல வேண்டும். இது யாருடைய படிவத்திலும் வராது.

காவிரிக் கரையிலும் பவானி ஆற்றங்கரையிலும் ஊர்ப்பொதுவாக இருக்கிற பல சொத்துகள் எந்த அலுவலகப் பதிவேட்டிலும் இல்லை. எங்கள் படித்துறையில் ஒரு படியின் பக்கவாட்டில் 'உபயம்' என்று வெட்டி, கட்டிக் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது. மேல்படிகள் ஊர்வரி போட்டுக் கட்டியவை. துணி வெளுக்கிற கல், மாடு இறங்கும் துறை, மயானத்துக்குப் போகிற தடத்தின் ஓரச் சுவர், திருவிழாவுக்கு நாடகம் போடும் மேடை, எல்லாம் இதே மாதிரி. தாத்தா காலத்தில் சேர்ந்து கட்டினார்கள், எல்லாரும் பயன்படுத்துகிறார்கள், அதற்குமேல் யாரும் எழுதி வைக்கவில்லை. வெள்ளத்தில் கீழ்ப்படி நாலைந்து பெயர்ந்துபோனதை எழுத வந்தபோது, ஓவர்சியர் கேட்டது ஒரே கேள்வி: "இது நம்ம சொத்துங்களா, நீர்வளத் துறையோடதுங்களா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. கரை அவர்களுடையது, படி யாருடையதும் இல்லை. படிவத்தில் அந்த வரியை நான் அடித்தேன், அவர் அழிக்கச் சொன்னார், அழித்தேன். சேதமே இல்லாதது போல அந்தப் படித்துறை அறிக்கையிலிருந்து போய்விட்டது. ஊர்ப் பெண்கள் இன்றைக்கும் பெயர்ந்த இடத்தில் மணல் மூட்டை போட்டுத்தான் இறங்குகிறார்கள்.

தரைப்பாலத்தின் கதை வேறு. அது பதிவேட்டில் இருக்கிறது, சேதம் எழுதப்படுகிறது, பணமும் எப்போதாவது வருகிறது. ஆனால் வருகிற பணம் இருந்தபடியே திரும்பக் கட்டத்தான். ஆற்றில் தண்ணீர் ஏறும்போது ஓடைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் எதிர்த்து நிற்கும். ஆறு வடியும்போது தேங்கியது மொத்தமும் ஒரே வேகத்தில் இறங்கும். அந்த இறக்கத்தில்தான் பாலத்தின் இரண்டு பக்கத்து மண்ணும் போகிறது, குழாய்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. அடுத்த முறை குழாயைப் பெரிதாக்கி, தளத்தை மூன்றடி உயர்த்திக் கட்டுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டால், சேதமான அளவுக்குத்தான் எஸ்டிமேட் போட முடியும் என்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் விதி அது.

அந்த விதிக்கு வெளியே ஒரு வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 15ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான பேரிடர் ஒதுக்கீட்டை நிவாரண நிதிக்கு 80 சதவீதம், தணிப்பு நிதிக்கு 20 சதவீதம் என்று பிரித்தது. அந்த 80க்குள்ளேயும் 40 உடனடி நிவாரணத்துக்கு, 30 மீட்டெடுப்புக்கும் மறுகட்டுமானத்துக்கும், 10 முன்தயாரிப்புக்கு. அதாவது தணிப்பு நிதி என்ற பெயரில், வெள்ளம் மறுபடியும் வந்தாலும் தாங்குகிற மாதிரி செய்யும் வேலைக்கென்றே தனிப் பணம் இருக்கிறது. தரைப்பாலத்தை உயர்த்துவது, மோட்டார் பேனலை வெள்ள மட்டத்துக்கு மேலே ஏற்றி வைப்பது, ஆற்றோர வீதிக்குத் தடுப்புச் சுவர் கட்டுவது எல்லாம் இந்த வகையில் கேட்க வேண்டியவை. என் கடைக்கு இத்தனை காலமாக வந்த பேப்பர்களில் தணிப்பு நிதி என்று தலைப்பிட்ட ஒன்றைக்கூட நான் அடித்ததில்லை. சேதப் படிவம் மேலிருந்து வருகிறது, அதனால் கீழிருந்து போகிறது. தணிப்புக்குப் படிவம் வருவதில்லை, அதனால் யாரும் கேட்பதில்லை.

பேனல் போர்டை உயர்த்துகிற விஷயத்தை மட்டுமாவது யாராவது கையில் எடுத்தால் நன்றாக இருக்கும். அறைக்குப் பக்கத்தில் நாலு தூண் எழுப்பி, மேலே ஒரு பெட்டி. பெரிய வேலையே இல்லை. 2018க்குப் பிறகே செய்திருந்தால் 2022இல் தண்ணீர் அதைத் தொட்டிருக்காது.

இன்னொரு சிக்கலும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. ஈரோடு, நாமக்கல், கரூர், திருப்பூர், கோவை, சேலம் எல்லாம் அதில் அடங்கும். அதன்பின் தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஓர் அதிகாரியின் கையில் ஒன்றியத்து ஊராட்சிகள் மொத்தமும். நல்லவராகவே இருக்கட்டும், எந்த ஊரில் எந்தப் படி பெயர்ந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தலைவர் இருந்தால் ராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டி, "தலைவரே, பாலத்தோரம் மண்ணு எறங்கீருச்சுங்க" என்று சொல்லலாம். வார்டு உறுப்பினர் தெருவிலேயே இருப்பார். சேதத்தை முதலில் பார்ப்பதும் சொல்வதும் அவர்கள்தான். அவர்கள் இல்லாத காலத்தில் வெள்ளம் வந்தால், அறிக்கை இன்னும் மேலோட்டமாகத்தான் போகும்.

ஆகவே ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது அதிகரிக்கிறது. எல்லா ஊரிலும் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. வெள்ளம் வருவதற்கு முன், சித்திரை வைகாசியில் ஆறு இறங்கிக் கிடக்கும்போதே, பொதுச் சொத்து ஒவ்வொன்றையும் தேதியும் இடமும் பதிகிற மாதிரி போட்டோ எடுத்து வைக்கலாம். டேப் பிடித்து நீளம், அகலம், உயரம் எழுதலாம். உபயப் படித்துறையையும் நாடக மேடையையும் கிராம சபையில் தீர்மானம் போட்டு ஊராட்சிச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லலாம். அது நீர்வளத் துறை இடத்தில் இருக்கிறது என்றால், அதையும் கடிதம் எழுதி இப்போதே தெளிவாக்கிக்கொள்ளலாம். வெள்ளம் வடிந்ததும், துடைக்கிறதுக்கு முன்னால் ஒரே ஒரு போட்டோ. மோட்டாரைச் சரிசெய்வதை நிறுத்த வேண்டியதில்லை. கழற்றிய பழைய ஸ்டார்ட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். மெக்கானிக்கிடம் வெறும் துண்டுச் சீட்டு வாங்காமல் தேதி போட்ட பில் வாங்குங்கள். பில்லில் வெள்ள நீர் புகுந்ததால் என்று எழுதச் சொல்லுங்கள்.

அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். ஆடி பிறந்து மேட்டூர் நிரம்பும் நிலை வந்தால், தாழ்வான பகுதிகளுக்கு எச்சரிக்கை கொடுக்கிறீர்கள். அதே நாளில் சேதப் படிவத்தையும் ஊராட்சிகளுக்கு அனுப்பிவிடுங்கள். தண்ணீர் வடியும் வரை காத்திருந்து, காலையில் அனுப்பி மாலையில் கேட்காதீர்கள். படிவத்தில் இரண்டு பத்திகள் கூடுதலாகச் சேருங்கள்: ஏற்கெனவே ஊரே செய்துமுடித்த அவசர வேலைக்கு ஒன்று, இதே சொத்து முன்பு எந்த ஆண்டில் சேதமானது என்பதற்கு ஒன்று. இரண்டாவது பத்தியைப் பார்த்தாலே தணிப்பு நிதிக்கு எதை அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். 2018, 2022, 2024 என்று மூன்று ஆண்டும் எழுதப்பட்ட தரைப்பாலத்தை நாலாவது முறையும் அதே உயரத்தில் கட்ட எந்தப் பொறியாளருக்கும் மனம் வராது.

நொய்யல் ஓரத்துக்காரர்களுக்கும் அமராவதி ஓரத்துக்காரர்களுக்கும் இது பொருந்தும். மலையில் எப்போது மழை பெய்யும் என்று சொல்ல முடியாது, தரைப்பாலங்கள் அங்கேயும் உண்டு.

சொத்துப் பட்டியலுக்கு ஒரு மாதிரிப் படிவம் தமிழில் தயார் செய்து வைத்திருக்கிறேன். கிராம சபைத் தீர்மானத்துக்கும் நீர்வளத் துறைக்கு எழுதும் கடிதத்துக்கும் மாதிரி இருக்கிறது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் போட்டோவும் அளவும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். ஊர்ப்பொது வேலைக்கு டைப்பிங்குக்கும் பிரிண்டுக்கும் காசு வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை கடை திறந்திருக்கும்.